ஐந்து வருஷம் என்று சொன்னவன்

போன வாரக் கதையில் மூத்தவளை ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு காகிதத்தோடு நிற்கவைத்துவிட்டுப் போனோம், பாவம். அவளுடைய சிறுநீரகம் அப்பாவுக்குப் பொருந்தும் என்று சொன்ன காகிதம். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தார். மடித்தார். "வேண்டாம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஏன் வேண்டாம் என்பது செவ்வாய்க்கிழமை காலையில் தெரிந்தது. அப்பா வாயால் இல்லை. பக்கத்துப் படுக்கை டெலிபோன் அம்மா வாயால்.

அன்று மூத்தவள் காலை ஷிப்டை இன்னொரு கண்டக்டரிடம் மாற்றிவிட்டு வந்திருந்தாள். இருபது வருஷம் பஸ்ஸில் கத்திக் கத்தி உரமேறிய தொண்டை அவளுக்கு. டிப்போவில் அவளை மைக் என்றுதான் கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேராகவே. வராந்தாவிலேயே டாக்டர் அவளைப் பிடித்துக்கொண்டார். மாற்று அறுவைக்கு அனுமதி தருகிற குழு நாளைக் காலை கூடுகிறது. இதை விட்டால் அடுத்தது இரண்டு மாதம் கழித்து.

"உங்க அப்பாவோட இதயம் வீங்கிட்டே வருதும்மா. ரெண்டு மாசம் கழிச்சு அவரை மேஜையில படுக்கவைக்க எனக்குத் தைரியம் இருக்காது" என்றார் டாக்டர். இன்று மாலை ஏழு மணிக்குள் அப்பாவின் கையெழுத்தோடு சம்மதப் படிவம் கீழே ஆபீசுக்கு வந்துவிட வேண்டும்.

படிவத்தை வாங்கிக்கொண்டு மூத்தவள் டயாலிசிஸ் அறைக்குள் போனாள். ஆறு படுக்கை, ஆறு இயந்திரம். அப்பாவின் ரத்தம் குழாய் வழியாக வெளியே போய், சுத்தமாகி, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. முப்பத்துநாலு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்த மனுஷர். எந்த இயந்திரத்தைக் கண்டாலும் மூடியைக் கழற்றிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். அந்த பம்பின் சத்தம் சரியில்லை என்று நர்ஸிடம் நச்சரித்து நச்சரித்து, ஒருநாள் அதை மாற்றவும் வைத்தார். அன்று முதல் அந்த அறையில் அவர் சொன்னால் வேதவாக்கு.

மூத்தவள் படிவத்தை நீட்டினாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறவருக்கு இமை அப்படித் துடிக்காது.

டெலிபோன் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஊரார் பேச்சை இணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவர். குறுக்கே பேசாமல் இருக்க வராது.

"ஏம்மா அவரைப் போட்டுப் படுத்தற? இன்னும் அஞ்சு வருஷந்தானே. அதுக்குள்ள உன் தம்பியே செஞ்சு குடுத்துடப் போறாரு."

"எதைச் செஞ்சு குடுக்கப் போறான்?"

"கிட்னியைத்தான். அணு அணுவா எடுத்து அடுக்கி, புத்தம் புதுசா. யாரோடதையும் அறுக்க வேண்டாமாம். உங்கப்பா படம் போட்டுக் காட்டினாரே எங்களுக்கெல்லாம்." டெலிபோன் அம்மாவின் முகம் நனைந்த துணியைப் பிழிந்து உதறியதுபோல் பளிச்சென்று இருந்தது. "என் பையன் கப்பல்ல லீவு போட்டுட்டு டெஸ்ட்டுக்கு வந்து நின்னான். பாதி டெஸ்ட்டும் முடிஞ்சுது. வேண்டாண்டா ராஜா, உன் உடம்பைக் கெடுத்துக்காத, நீ கப்பலுக்குப் போன்னு சொல்லிட்டேன். இன்னைக்கு சாயந்தரம் கிளம்பறான்."

மூத்தவளுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். இப்போது காது, கழுத்து, உச்சந்தலை எல்லாம் சேர்ந்து சூடாயிற்று. மற்ற நாலு படுக்கையிலிருந்தும் நாலு முகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. நாலிலும் அதே பளிச்.

"அப்பா, தூங்கினது போதும். அவன் இப்படிச் சொன்னானா?"

அப்பா கண்ணைத் திறந்தார். "சொன்னான். என் பையன் எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டான். அஞ்சு வருஷம் நான் இந்தப் படுக்கையிலயே தள்ளிடுவேன். எனக்காக உன் வயித்தைக் கிழிக்க விடமாட்டேன், போ."

போனாள். நேராகத் தம்பியிடம் போனாள்.

தம்பிக்கு வீட்டில் புரொபசர் என்று பெயர். ஏழு வயதில், ராத்திரி ஏன் கறுப்பு என்று ஒரு வாரம் எல்லோரையும் குடைந்தெடுத்தபோது அப்பா வைத்தது. வளர்ந்து நிஜ ஆராய்ச்சிக்காரனாகவே ஆகிவிட்டான். அவன் வேலை செய்யும் அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. வாசலில் காவலாளி மூத்தவளின் செருப்பைக் கழற்றச் சொல்லி, கம்பளியில் தைத்த காலுறை கொடுத்தார். போனை வாங்கி வைத்துக்கொண்டார். உள்ளே ஒரு அணுவை ஊசியால் நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள், பெரிய லாரி தெருவில் போனால்கூட ஊசி ஆடிவிடும், அதனால் உள்ளே உரக்கப் பேசக் கூடாது என்றார். அதைச் சொல்லும்போது அவரே கிசுகிசுத்தார்.

மைக் என்று பெயர் வாங்கியவள் அங்கே போய்ச் சண்டை போட வேண்டும். அவள் தலையெழுத்தைப் பாருங்கள்.

அறையின் தரையே தனியாக ஸ்பிரிங் மேல் நின்றது. நடுவில் இரும்புச் சட்டத்தில் மாட்டிய ஒரு பெரிய எஃகுக் குடுவை, சுற்றிலும் குழாய்கள். மூலையில் திரைக்கு முன்னால் புரொபசர் உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்து, உதட்டில் விரல் வைத்தான். அந்த விரலை ஒடிக்க வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

"அஞ்சு வருஷம்னு சொன்னியா?" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சுக் காற்றால்.

அவன் திரையைக் காட்டினான். சாம்பல் நிறத்தில் ஒரு சமவெளி, அதன்மேல் சின்னச் சின்ன மேடுகள், ஆறு மூலையுள்ள ஒரு வளையமாக. செப்புத் தகட்டின்மேல் இரும்பு அணுக்கள் என்றான். ஒவ்வொன்றாக ஊசியால் தள்ளிக் கொண்டுவந்து நிறுத்தியது. ஊசியின் முனையே ஒற்றை அணுதான். ஒரு சல்லடையின் ஒரு ஓட்டை இது. இந்த அளவில் ஓட்டை போட்டால் உப்பு போகும், ரத்தத்திலுள்ள புரதம் போகாது. ஒரு நாள் ஊசி ஒன்றாக இருக்காது, கோடி கோடியாக இருக்கும், மனிதக் கை படாமல் தாமே எடுத்து அடுக்கும். எந்த உறுப்பு வேண்டுமோ, எந்தக் கருவி வேண்டுமோ, ஒரு அணுகூடக் கோணாமல் அடுக்கிக் கொடுக்கும். இயற்கையில் அதற்கு எந்தத் தடையும் இல்லை அக்கா, என்றான்.

அவன் குரல் கிசுகிசுப்பாக இருந்தாலும் கண் மின்னியது. ஒரு நிமிஷம் மூத்தவளுக்கே அந்த வளையம் அழகாகத் தெரிந்தது. பொய்யன் இல்லை இவன், நிஜமாகவே நம்புகிறான் என்று தெரிந்தது. அது கோபத்தைக் குறைக்கவில்லை. கூட்டியது.

"இந்த ஓட்டைக்கு எத்தனை அணு?"

"அம்பத்துநாலு. அம்பத்தொண்ணு வச்சாச்சு."

"எத்தனை நாளா?"

"பதினோரு நாள்."

"ஒரு கிட்னில எத்தனை அணு இருக்கும்?"

அவன் தயங்கினான். ஒன்று போட்டுப் பின்னால் இருபத்தைந்து பூஜ்யம் என்றான்.

அவளுக்குப் பெரிய படிப்பு இல்லை. ஆனால் ஓடுகிற பஸ்ஸில் ஐம்பது பேருக்கு மனசிலேயே கணக்குப் போட்டுச் சில்லறை கொடுத்தவள். இந்தக் கணக்கு அவள் மனசில் நிற்காமல் வழிந்து ஓடியது.

"அப்ப அஞ்சு வருஷம் எங்கேருந்துடா வந்துச்சு?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ஆராய்ச்சிக்கு அனுமதி கேட்டு எழுதற விண்ணப்பத்துல எல்லாமே அஞ்சு வருஷம்தான்க்கா. யார் எழுதினாலும், எதுக்கு எழுதினாலும். அதுக்கு மேல போட்டா யாரும் படிக்கவே மாட்டாங்க. எழுதி எழுதி, அப்பா கேட்டப்ப அதுவே வாயில வந்துடுச்சு."

மூத்தவள் "அஞ்சு வருஷமா!" என்று கத்தினாள். இருபது வருஷக் கண்டக்டர் தொண்டையிலிருந்து வந்த கத்தல். கத்தினதோடு நில்லாமல், பக்கத்திலிருந்த இரும்புச் சட்டத்தில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை.

திரையில் ஒரு வெள்ளைக் கோடு கிழித்துக்கொண்டு ஓடியது. புரொபசர் பாய்ந்து விசையை அழுத்தினான். கொஞ்ச நேரம் கழித்துப் படம் திரும்ப வந்தபோது வளையம் இல்லை. ஊசி தகட்டில் முட்டி, மேடுகளெல்லாம் ஒரு பக்கமாக அள்ளித் தள்ளிய குப்பைபோலக் கிடந்தன.

அவன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. இனி அடக்கிப் பேச அங்கே என்ன இருக்கிறது? அவனும் வாய்விட்டே பேசினான்.

"பதினோரு நாள்க்கா. தூங்காம, சரியாச் சாப்பிடாம. உனக்கு அது விளையாட்டா?"

"உனக்குப் பதினோரு நாள் போச்சு. அப்பாவுக்கு எட்டு மாசம் போச்சுடா. எட்டு மாசத்துக்கு முன்னாடியே டாக்டர் கேட்டார். அப்ப அவர் இதயம் நல்லா இருந்துச்சு. நான் ரெடியா இருந்தேன். நீ உன் விண்ணப்பத்தைத் தூக்கி அவர் தலையில கட்டிட்டே."

"நீ குடுக்கலாம். நீ வீராங்கனை. எனக்கு இருபத்தாறு வயசுல சர்க்கரை வந்துடுச்சு, என்னைச் சோதிச்சுக்கூடப் பார்க்க மாட்டேன்னுட்டாங்க. அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, உங்க அக்காவை அறுக்க விடாத, வேற வழி இருந்தா சொல்லுன்னு கேக்கறாரு. குடுக்க எங்கிட்ட என்ன இருந்துச்சு? அதைத்தான் குடுத்தேன்."

மூத்தவளின் கோபம் ஒரு படி இறங்கியது. இவனுக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளில் அவன் சாப்பாட்டுத் தட்டை எடுத்து அளந்து வைத்தவள் அவள்தான். ஆனால் மறுகணமே டெலிபோன் அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. அந்த அம்மா தன் மகனைத் திருப்பி அனுப்புவதை, மற்ற நாலு படுக்கையை, எல்லாவற்றையும் சொன்னாள். இப்போது கத்தவில்லை. கேட்கிறவனுக்குக் கத்தினாலே தேவலை என்று இருந்திருக்கும்.

புரொபசருக்கு அது தெரியாது. அப்பாவிடம் சொன்னது அப்பாவோடு நிற்கும் என்று நினைத்திருந்தான். திரையை அணைத்தான். சட்டையை மாட்டிக்கொண்டான். வா என்று அவள் சொல்வதற்கு முன்னால் வாசலுக்குப் போய்விட்டான்.

அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. டயாலிசிஸ் முடிந்து வந்த நாட்களில் அப்பா துவைத்துப் போட்ட துணியாகத்தான் கிடப்பார். நாற்காலியில் சாய்ந்து, அன்றைக்கு அவருக்கு அளந்து விட்ட தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருந்தார். மகன் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். ஐம்பத்துநாலு, பதினோரு நாள், இருபத்தைந்து பூஜ்யம், விண்ணப்பம். அப்பா மெக்கானிக் ஆயிற்றே, நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். ஊசியை எப்படி ஓட்டுகிறீர்கள், ஒரே நேரத்தில் இரண்டு ஊசி ஓட்டியிருக்கிறீர்களா, செத்த உலோகத்தில் வைத்த மாதிரி ஈரமான பொருளில் இதுவரை ஒன்றாவது வைத்திருக்கிறீர்களா. இல்லை, இல்லை, இல்லை என்று மகன் சொல்லிக்கொண்டே வந்தான்.

"உன் ஆயுசுல வருமா?"

"தெரியலப்பா. என் பேரன் காலத்துல வரலாம்."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். மூத்தவள் இதற்காகவே காத்திருந்தவள்போலப் படிவத்தையும் பேனாவையும் அவர் மடியில் வைத்தாள். அப்பா அதைத் தொடவில்லை. மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் அவருக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. அம்மா உயிரோடு இருந்தபோது, இவரோடு சண்டை போடுவது சுவரோடு போடுவது என்று சலித்துக்கொள்வாள். அந்தச் சுவர் இப்போது நடுங்கியது.

"வடம் பிரிஞ்சு தொங்கறது தெரிஞ்சா என்னடா பண்ணுவோம்? லிப்ட்டை நிறுத்தி, கதவுல பலகை மாட்டுவோம். எவன் வந்து கெஞ்சினாலும் ஏத்த மாட்டோம். முதலாளியே வந்தாலும் மாடிப்படி ஏறித்தான் போகணும். நீ உள்ள ஏறுங்கன்னுட்டே. நான் ஏறினதோட நிக்கல. பக்கத்துல நின்ன அஞ்சு பேரையும் கையைப் பிடிச்சு ஏத்திவிட்டுட்டேன். என் வாயால. என் பையன் சொன்னான்னு பெருமையா."

"அப்பா, மொதல்ல கையெழுத்துப் போடுங்க" என்றாள் மூத்தவள். "ஏழு மணிக்குள்ள குடுக்கணும்."

"நீ சும்மா இரு. அந்த அம்மாவோட பையன் சாயந்தரம் கிளம்பறான். கப்பல் ஏறினா மறுபடி எப்ப வருவானோ. எனக்கு மட்டும் உண்மை தெரிஞ்சு, எனக்கு மட்டும் உன்னுது கிடைச்சு, நான் போய் ஜம்முனு படுத்துக்கணுமா?"

"போன்ல சொல்லுங்களேன்."

"இதைப் போன்ல சொல்றதா?" அவர் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நாற்காலியைப் பிடித்து எழுந்தார். கால் தள்ளாடியது. மகன் பிடிக்க வந்தான், கையைத் தட்டிவிட்டார். "சொன்னவன் நீ. நீயே வந்து சொல்லணும். அவங்க கேட்ட பிறகுதான் பேனாவைத் தொடுவேன்."

மூத்தவளுக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் அடக்க முடியாது. தம்பியின் பைத்தியக்காரத்தனம் ஒரு பக்கம், அப்பாவின் பிடிவாதம் ஒரு பக்கம், நடுவில் அவளுடைய சிறுநீரகம் கேட்பாரில்லாமல் கிடக்கிறது. வழியெல்லாம் வாடகை வண்டியில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. டிரைவர் வண்டியை மெதுவாக ஓட்டியதற்குக்கூடத் திட்டவில்லை. அப்படியென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெலிபோன் அம்மாவின் வீட்டை அடைந்தபோது மணி ஆறு. மாலுமி மகனே கதவைத் திறந்தான். வாட்டசாட்டமான ஆள். ஷூ போட்டுத் தயாராக நின்றான். பின்னால் இரண்டு பெட்டிகள் பூட்டி நிறுத்தியிருந்தன. அப்பாவை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறான், அடையாளம் தெரிந்தது. அப்புறம் புரொபசரைப் பார்த்தான்.

"நீங்கதானா சார் அவர்?"

புரொபசர் வாயைத் திறப்பதற்குள் அவன் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான் மாலுமி. திரும்பி உள்ளே பார்த்து அம்மாவைக் கூப்பிட்டான். மனைவியைக் கூப்பிட்டான். யார் வந்திருக்காங்க பாருங்க என்றான். உங்களால்தான் நான் நிம்மதியாகக் கப்பல் ஏறுகிறேன் என்றான். நாலு மாதமாகத் தூங்கவில்லை, போன வாரம்தான் தூங்கினேன் என்றான். டெலிபோன் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார். உட்காரச் சொல்லாமல் நிற்கவைத்தே பேசுகிறாயே என்று மகனை அதட்டினார்.

புரொபசர் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம், தெருப் பையன்களிடம், பெண் வீட்டாரிடம், எங்கே மாட்டிக்கொண்டாலும் அவனுக்காகப் பேசியது அவள்தான். இன்றைக்கு மூத்தவள் உதட்டை அசைக்கவில்லை.

"அஞ்சு வருஷம்னு நான் சொன்னது பொய்ங்க" என்றான். "அஞ்சு வருஷத்துல வராது. அம்பது வருஷத்துல வருமான்னும் தெரியாது. நீங்க டெஸ்ட்டை நிறுத்தக் கூடாது. போகாதீங்க."

மாலுமி அவன் கையை விடவில்லை. சிரிப்பு மட்டும் மெதுவாக இறங்கியது. டெலிபோன் அம்மா, சரியாகக் கேட்காத லைனில் பேசுவதுபோல, "அப்ப எத்தனை வருஷம்ப்பா?" என்று கேட்டார். அந்த அம்மா அப்படியே பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அப்பா சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். சுவரில் வைத்து, இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டார். மூத்தவளிடம் நீட்டினார்.

"நீ போ. குடுத்துட்டு வா."

"நீங்க?"

"நாங்க இருக்கோம். இவங்க கேக்கறதைக் கேட்டு வாங்கிட்டுத்தான் வரணும்."

எட்டு மாதமாக எந்தக் காகிதத்துக்காக அவள் தூக்கமில்லாமல் அலைந்தாளோ, அந்தக் காகிதம் கையில் வந்துவிட்டது. ஏழு மணிக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. வண்டி வாசலிலேயே நின்றது. மூத்தவள் படி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் மாலுமி, ஒரு கையால் தம்பியைப் பிடித்தபடியே, இன்னொரு கையால் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் விழுந்தது.

உள்ளே முதலில் அந்த மாலுமியின் குரல்தான் கேட்டது. பிறகு ஏதோ கனமாகச் சரிந்தது. பெட்டியோ, நாற்காலியோ, ஆளோ. அதன் பிறகு அப்பாவின் குரல், "என்னை அடி, அவனை விடு" என்று.

டிரைவர் ஹாரன் அடித்தார். மூத்தவள் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள். படியேறித் திரும்பி வந்து, இரண்டு முஷ்டியாலும் கதவைக் குத்த ஆரம்பித்தாள்.